காவல் நிலையத்தில் உண்மையில் எத்தனை பேர்?

இந்திய மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் காவல் துறைக்கென அனுமதித்திருந்த பணியிடங்கள் 2020 ஜனவரி 1 நிலவரப்படி 26,23,225. அன்றைக்குப் பணியில் இருந்தவர்கள் 20,91,488 பேர். மீதி 5,31,737 இடங்கள் காலி. ஐந்து பேர் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு பேர்தான் இருந்தார்கள். ஒரு லட்சம் மக்களுக்கு 195 காவலர் என்பது காகிதக் கணக்கு. கையில் இருந்த கணக்கு 156-க்கும் சற்றுக் குறைவு. இந்த எண்களைத் திரட்டி ஆண்டுதோறும் வெளியிடுவது, உள்துறை அமைச்சகத்தின் கீழ் 1970-இல் தொடங்கப்பட்ட காவல் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுப் பணியகம். நாளிதழ்த் தலையங்கமானாலும், மாநிலங்களைத் தரவரிசைப்படுத்தும் ‘இந்திய நீதி அறிக்கை’யானாலும், காவல் துறை ஆள்பற்றாக்குறை பற்றி யார் பேசினாலும் கடைசியில் வந்து நிற்பது இந்தத் தொகுப்பில்தான். ஆனால், இந்த எண்களைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று மாநிலக் காவல் துறைகளைக் கட்டாயப்படுத்தும் சட்டப் பிரிவு கிடையாது. மாநிலங்கள் நல்லெண்ணத்தின் பேரில் தருகின்றன, பணியகம் தொகுத்துக்கொள்கிறது. தாமதமானால் கேட்க ஆளில்லை. காவல் துறை தன் ஆள்பலத்தைக் காலந்தவறாமல், நிலையம் நிலையமாக, மக்கள் பிரதிநிதிகள் முன் வைக்க வேண்டும் என்று சட்டமே கடமைப்படுத்த வேண்டும். அந்தச் சட்டத்தின் பயன் ‘பணியில் இருப்பவர்’ யார் என்று அது தரும் வரையறையைப் பொறுத்தே அமையும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கணக்கு எழுதுவது காவல் துறைக்குப் புதிதல்ல. சென்னை மாகாணத்துக்கென 1859-இல் மாவட்டக் காவல் சட்டம் வந்தது. 1857 எழுச்சிக்குப் பிறகு இந்தியக் காவல் சட்டம் 1861-இல் வந்தது. நிலையத்தில் பதிவாகும் புகார், கைதானவர் பெயர், கைப்பற்றப்பட்ட பொருள் எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுத வேண்டும் என்று 1861 சட்டத்தின் 44-ஆம் பிரிவு சொல்கிறது. மக்களைப் பற்றிக் காவல் துறை என்னென்ன எழுதி வைக்க வேண்டும் என்பதில் அந்தச் சட்டம் மிகக் கவனமாக இருந்தது. தன்னைப் பற்றிக் காவல் துறை மக்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்ற கேள்வி அதற்கு எழவே இல்லை. காலனி ஆட்சியில் அது எழாதது இயல்பு. அறிக்கை என்றால் கீழிருந்து மேலே போவது, மேஜிஸ்திரேட்டுக்கும் ஐ.ஜி.க்கும் போவது. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் பாதை மாறவில்லை என்பதுதான் வருத்தத்துக்குரியது. காவல் சீர்திருத்தம் கோரிய பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று ஏழு கட்டளைகள் பிறப்பித்தது. டி.ஜி.பி. நியமனம், அதிகாரிகளின் பதவிக்காலம், இடமாற்ற வாரியம், புகார் ஆணையம் என்று அரசியல் தலையீட்டைத் தடுப்பதே அவற்றின் மையம். அவற்றுள் ஒன்று, புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் தனித்தனியே பிரிக்கச் சொன்னது. ஒரு நிலையத்தில் இருப்பதே பத்துப் பேர் என்றால் யாரை எதற்குப் பிரிப்பது? இந்தக் கட்டளை நிறைவேறியதா என்று சோதிக்க வேண்டுமானால் முதலில் நிலையவாரியாக ஆள் எண்ணிக்கை வேண்டும். அந்த எண்ணிக்கையைக் கேட்கும் கட்டளை ஏழில் ஒன்றாக இல்லை.

இந்தக் குறை என்ன விலை கொடுக்க வைத்தது என்பதற்கு இன்னொரு வழக்கே சாட்சி. காவலர் காலியிடங்களை நிரப்பக் கோரி மணீஷ் குமார் என்பவர் 2013-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நான்கு ஆண்டு இழுபறிக்குப் பின், 2017 ஏப்ரலில், தலைமை நீதிபதி ஜே.எஸ். கேஹர் தலைமையிலான அமர்வு உத்தரப் பிரதேசம், பிஹார், ஜார்க்கண்ட், கர்நாடகம், மேற்கு வங்கம், தமிழ்நாடு ஆகிய ஆறு மாநிலங்களின் உள்துறை அதிகாரிகளை, ஆள்சேர்ப்புக்கான கால அட்டவணையோடு நேரில் வரச் சொன்னது. உத்தரப் பிரதேசத்தில் மட்டும் ஒன்றரை லட்சம் இடங்கள் காலியாக இருந்தன. ஆண்டுக்கு ஏறத்தாழ 30 ஆயிரம் காவலரைத் தேர்ந்தெடுப்போம் என்று அந்த அரசு ஒப்புக்கொண்டது நீதிமன்றத்தின் மேசையில்தான். 2019-இல் உச்ச நீதிமன்றம் இந்தக் கண்காணிப்பை உயர் நீதிமன்றங்களிடம் ஒப்படைத்தது. எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேரை எப்போது எடுக்கப் போகிறீர்கள் என்ற இரண்டு கேள்விக்குப் பதில் வாங்க நாட்டின் உச்ச நீதிமன்றம் ஆறு ஆண்டு செலவிட வேண்டியிருந்தது. சட்டமன்றத்தில் ஆண்டுதோறும் தானாக வந்து சேர வேண்டிய தகவல் அது. நீதிமன்றம் கேட்கும்வரை பதில் வரும். வழக்கு முடிந்ததும் பதிலும் நின்றுவிடும். சட்டப்பூர்வ அறிக்கைக்கும் பிரமாணப் பத்திரத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

தமிழ்நாட்டில் எண்களே வெளிவருவதில்லை என்று சொல்ல முடியாது. ஆண்டுதோறும் காவல் துறைக்கான மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும்போது கொள்கை விளக்கக் குறிப்பு அவையில் வைக்கப்படுகிறது. அதில் பதவிவாரியாக அனுமதிக்கப்பட்ட இடம், பணியில் இருப்போர், காலியிடம் என்று அட்டவணை உண்டு. மரபின் அடிப்படையில் இது நடப்பது பாராட்டத்தக்கது. ஆனால் அட்டவணை மாநிலம் முழுமைக்கும் ஒன்று. ஒரு தாலுகாவில் வாழ்பவருக்குத் தன் ஊர் நிலையத்தில் எத்தனை பேர் என்று அதிலிருந்து தெரியாது. அவர் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கும் தெரியாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு அதிகாரிகள், ஊழியர்கள் பட்டியலைக் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. அந்தப் பட்டியல் பெயரையும் பதவியையும் தரும்; இருக்க வேண்டியவர் எத்தனை, அவர்களில் நிலையத்தில் வேலை செய்பவர் எத்தனை என்று அது சொல்லக் கடமைப்பட்டதல்ல.

இந்த இரண்டாவது கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. 40 பணியிடங்கள் கொண்ட ஒரு நிலையத்தைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். நாட்டின் சராசரிப்படி ஐந்தில் ஒன்று காலி என்றால் 32 பேர். காவலர்களுக்கும் தலைமைக் காவலர்களுக்கும் வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டு என்று தமிழ்நாடு அரசு 2021-இல் ஆணையிட்டது. அதை ஒழுங்காகக் கொடுத்தால் எந்த நாளிலும் நாலைந்து பேர் ஓய்வில் இருப்பார்கள். மிச்சம் 27. மருத்துவ விடுப்பு, மகப்பேறு விடுப்பு, பயிற்சி என்று மூவர் போனால் 24. தனிப்படைக்கும் எஸ்.பி. அலுவலகத்துக்கும் அயல்பணியில் அனுப்பப்பட்ட நால்வர், பெயரளவில் இந்த நிலையத்துக்காரர்கள், சம்பளமும் இங்கேதான். ஆள் இங்கே இல்லை. இப்போது 20. கோர்ட் டூட்டிக்கு ஒருவர், சம்மனும் வாரண்டும் கொண்டுபோக ஒருவர், ரிமாண்டு கைதிக்கு வழிக்காவலாக இருவர், ஸ்டேஷன் ரைட்டர், வரவேற்பு மேசை, கணினியில் முதல் தகவல் அறிக்கை ஏற்றுபவர், மூன்று முறை மாறும் பாரா என்று பத்துப் பேர் கரைந்துவிடுவார்கள். எஞ்சிய பத்துப் பேரைப் பகலுக்கும் இரவுக்கும் பிரித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்குக் கோயில் திருவிழாவோ அமைச்சர் வருகையோ இருந்து பந்தோபஸ்துக்கு ஐந்து பேர் கேட்டால், இரவு ரோந்துக்கு மிஞ்சுவது யார் என்று படிப்பவரே கணக்கிட்டுக்கொள்ளலாம். இது என் மாதிரிக் கணக்கு. நிலையத்துக்கு நிலையம் எண் மாறும். ஆனால் கழித்தல் எங்கும் இப்படித்தான் நடக்கிறது, காலையில் ரோல்கால் எடுக்கும் ஆய்வாளருக்கு இது ஒவ்வொரு நாளும் தெரிந்த கணக்கு. மாநில அட்டவணையில் இந்த நிலையம் ‘40-க்கு 32’ என்று ஒரு கூட்டுத்தொகைக்குள் போய் மறைந்துவிடுகிறது.

மறைந்துபோகும் ஆட்கள் எங்கே போகிறார்கள் என்பதற்குச் சான்றுகள் உண்டு. காவலர்களை அதிகாரிகளின் வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறை தமிழ்நாட்டில் 1979-லேயே அரசாணையால் ஒழிக்கப்பட்டது. 43 ஆண்டுகள் கழித்து, 2022 ஆகஸ்டில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.எம். சுப்ரமணியம் அந்த முறையை அடியோடு ஒழிக்கச் சொல்லி மீண்டும் உத்தரவிட வேண்டி வந்தது. அதிகாரி வீட்டில் காய்கறி வாங்கப் போன காவலரும் பதிவேட்டில் பணியில் இருப்பவரே. ஒரு நிலையத்தின் பெயரில் இருந்துகொண்டு வேறெங்கோ வேலை செய்பவரைத் தனியே எண்ணிக் காட்டும் கடமை இருந்திருந்தால், அரசாணை காகிதத்தில் இருக்க, பழக்கம் நாற்பது ஆண்டுகள் தொடர்ந்திருக்குமா என்று கேட்க இடமுண்டு. முக்கியப் பிரமுகர் பாதுகாப்பு இன்னொரு வாசல். 2019-இல் நாடு முழுவதும் 19 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரமுகர்களுக்கு 66 ஆயிரத்துக்கும் மேற்பட்ட காவலர்கள் நிறுத்தப்பட்டிருந்ததாக அதே பணியகத்தின் தொகுப்பு சொன்னது. அந்த எண் வெளிவந்ததால்தான் அதைப் பற்றி விவாதமே நடந்தது.

குறைந்த ஆட்களை வைத்து வேலை வாங்கினால் என்ன ஆகும் என்பதும் அளக்கப்பட்டிருக்கிறது. காவல் ஆராய்ச்சிப் பணியகத்துக்காக ஹைதராபாத்தின் இந்திய நிர்வாகப் பணியாளர் கல்லூரி 2014-இல் ஓர் ஆய்வை முடித்தது. காவல் நிலைய ஊழியரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்வதாகவும், நால்வரில் ஏறத்தாழ மூவருக்கு மாதத்தில் ஒரு முறைகூட வார ஓய்வு கிடைப்பதில்லை என்றும் அது கண்டது. எட்டு மணி நேரப் பணிமுறைக்கு மாற வேண்டுமானால், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களையே ஏறக்குறைய 1.7 மடங்காக உயர்த்த வேண்டும் என்றும் அது கணித்தது. காலியிடக் கணக்கு என்பது பழைய அனுமதியோடு ஒப்பிட்ட கணக்கு. அந்த அனுமதியே தேவைக்குக் குறைவு என்றால், காலியிடமே இல்லாத நிலையமும் ஆள் பற்றாத நிலையமாக இருக்கும். ஆகவே அனுமதிக்கப்பட்ட எண் எந்த ஆண்டில், எந்த மக்கள்தொகையை வைத்து நிர்ணயிக்கப்பட்டது என்பதையும் அறிக்கை சொல்லியாக வேண்டும். இதற்கிடையில் வேலை கூடிக்கொண்டே போகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணரை நிகழ்விடத்துக்கு அழைக்கச் சொல்கிறது. புலனாய்வின் முன்னேற்றத்தை 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. மூன்றும் நல்ல விதிகள், குடிமகனுக்குக் காப்பு தருபவை. அவற்றை நிறைவேற்ற எத்தனை பேர், எத்தனை மணி நேரம் வேண்டும் என்று கேட்கும் விதி மட்டும் அந்தச் சட்டத்தோடு வரவில்லை.

இந்தக் கேள்வியைக் காவலர்களே எழுப்ப வேண்டியதுதானே என்று தோன்றலாம். அவர்களால் முடியாது. 1966-ஆம் ஆண்டின் காவல் படைகள் (உரிமைகள் கட்டுப்பாடு) சட்டம் அவர்கள் சங்கம் சேர்வதையும் பத்திரிகைக்குப் பேசுவதையும் கட்டுப்படுத்துகிறது. ஆசிரியர் பற்றாக்குறையை ஆசிரியர் சங்கம் தெருவுக்குக் கொண்டுவரும், செவிலியர் பற்றாக்குறையைச் செவிலியர் சங்கம் சொல்லும். இரண்டாம் நிலைக் காவலருக்கு அந்த வாய்ப்பு இல்லை. கட்டுக்கோப்பான படைக்கு இந்தக் கட்டுப்பாடு வேண்டும் என்று அரசு நினைக்குமானால், அவர்கள் சொல்ல முடியாததைச் சட்டம் சொல்ல வைக்க வேண்டும் என்பது அதன் மறுபக்கக் கடமை. காவலர் நலன் நோக்கிப் பார்த்தாலும் இந்தச் சட்டத்துக்கான மிக வலுவான நியாயம் இதுவே என்று கருதுகிறேன்.

அறிக்கைக்குப் பதிலாகக் குறைந்தபட்ச எண்ணிக்கையையே சட்டத்தில் எழுதிவிடலாமே என்ற யோசனை கவர்ச்சியானது. அமெரிக்க நகரங்கள் அதைச் செய்து பார்த்திருக்கின்றன. சான் பிரான்சிஸ்கோ 1994-இல் முழுநேரப் பணியில் 1,971 அதிகாரிகளுக்குக் குறையக் கூடாது என்று தன் நகரச் சாசனத்தில் எழுதிக்கொண்டது. பல ஆண்டுகள் அந்த எண் எட்டப்படவே இல்லை. நகரமும் வேலையும் மாறிக்கொண்டிருக்க எண் மட்டும் மாறாமல் நின்றது. 2020 நவம்பரில் வாக்காளர்களில் பத்துக்கு ஏழு பேர் அந்த விதியை நீக்க ஒப்புக்கொண்டார்கள். அதன் இடத்தில் வந்தது ஓர் அறிக்கைக் கடமை: காவல் துறை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆள்பலத்தை ஆராய்ந்து பரிந்துரையோடு காவல் ஆணையத்திடம் தர வேண்டும், ஆணையம் பொது விசாரணை நடத்த வேண்டும். மினியாபொலிஸ் கதை வேறு. அங்கே மக்கள்தொகைக்கு ஏற்ற குறைந்தபட்ச எண் சாசனத்தில் இருந்தது. காவல் அதிகாரி ஒருவரால் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட பின் அதிகாரிகள் கூட்டம் கூட்டமாக விலகியபோது குடிமக்கள் வழக்குப் போட்டார்கள். 731 அதிகாரிகளைப் பணியில் வைத்திருப்பது மேயரின் சட்டக் கடமை என்று மினசோட்டா உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் சொன்னது. தீர்ப்பு வந்துவிட்டது என்பதற்காக வேலைக்கு ஆள் வந்துவிடுமா? எண்ணைச் சட்டமாக்கினால் அதை மீறுவதும் வழக்காடுவதும்தான் மிஞ்சும். நிலைமையைச் சொல்லும் கடமையைச் சட்டமாக்கினால், என்ன செய்வது என்ற விவாதம் ஆண்டுதோறும் புதிதாக நடக்கும்.

இங்கிலாந்தும் வேல்ஸும் இன்னும் நீண்ட அனுபவம் உள்ளவை. காவல் பகுதி பற்றிய எந்த விஷயத்திலும் தலைமைக் காவல் அதிகாரியிடம் அறிக்கை கேட்க 1996-ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 44-ஆம் பிரிவு உள்துறை அமைச்சருக்கு அதிகாரம் தருகிறது. 43 படைகளின் ஆள்பலமும் மார்ச், செப்டம்பர் இறுதி நிலவரமாக ஆண்டுக்கு இரண்டு முறை வெளியாகிறது. 2010-இல் ஏறத்தாழ 1,43,700 ஆக இருந்த அதிகாரிகள் எண்ணிக்கை 2018-இல் ஏறத்தாழ 1,22,400 ஆகச் சரிந்ததை அரசால் மறைக்க முடியவில்லை; தேர்தலில் அது பேசுபொருளானது. 20 ஆயிரம் பேரைக் கூடுதலாகச் சேர்ப்போம் என்று 2019-இல் அரசு அறிவித்தது. 2023 மார்ச் இறுதிக்குள் 20,951 பேரைச் சேர்த்துவிட்டதாகச் சொன்னது. கவனிக்க வேண்டிய இடம் இதற்குப் பின்னால் இருக்கிறது. இலக்கு தலைகளின் எண்ணிக்கையாக இருந்தது. நிதியும் அதோடு கட்டப்பட்டிருந்தது. விளைவாக, சீருடையில்லா ஊழியர்கள் செய்துவந்த மேசை வேலைகளில் அதிகாரிகளை உட்காரவைத்து எண்ணிக்கையைக் காத்துக்கொண்டார்கள் என்ற விமர்சனம் எழுந்தது. எதை எண்ணச் சொல்கிறோமோ அதுவே பெருகும். தலைகளை மட்டும் எண்ணும் சட்டம் நமக்கும் இதையே தரும்.

எதிர்வாதங்களில் முதலாவது பாதுகாப்பு. எந்த நிலையத்தில் ஆள் குறைவு என்று அச்சிட்டுக் கொடுத்தால் திருடனுக்கு வழிகாட்டுவது ஆகாதா? இரவு ரோந்தில் யார், எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு என்று வெளியிடச் சொன்னால் இந்த அச்சம் நியாயமானது. கேட்கப்படுவது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, முடிந்துபோன ஒரு தேதியின் நிலவரம். உளவுப் பிரிவையும் அதிரடிப் படையையும் நிலையவாரிப் பட்டியலிலிருந்து விலக்கி மொத்த எண்ணாக மட்டும் தரலாம். மேலும், காவலர் பற்றிய விவரத்தை வெளியிடுவது நம் சட்டத்துக்கு அந்நியமானதல்ல. கைது செய்த அதிகாரியின் பெயரையும் பதவியையும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை பலகையில் எழுதச் சொல்லி 2010-இல் அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41சி பிரிவு நடைமுறைக்கு வந்தது. தனி ஒருவரின் பெயரையே பலகையில் எழுதலாம் என்றால் ஒரு நிலையத்தின் எண்ணிக்கையை எழுதுவதில் ஆபத்து அதிகமில்லை. ஊர் நிலையத்தில் ஆள் இல்லை என்பது குற்றம் செய்ய நினைப்பவருக்கு எப்போதும் தெரிந்துதான் இருக்கிறது. தெரியாமல் இருப்பது வரி கட்டுபவருக்குத்தான்.

இரண்டாவது, காவல் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, நாடாளுமன்றம் எப்படிச் சட்டம் இயற்றும் என்ற கேள்வி. நாடாளுமன்றத்துக்குப் போகவே தேவையில்லை. மாநில அதிகாரத்தை மதிப்பவர்கள், தங்கள் சட்டமன்றமே இதைச் செய்ய வேண்டும் என்றுதான் கேட்க வேண்டும். டெல்லியின் பணியகத்துக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு சொந்த அவைக்குக் கொடுக்காமல் இருப்பது மாநில உரிமைக்குப் பெருமை சேர்க்காது. மூன்றாவது, இருக்கிற ஆட்களுக்கே வேலை தலைக்கு மேல், இன்னோர் அறிக்கை எதற்கு என்ற சலிப்பு. இது நியாயமான சலிப்புதான், ஆனால் தகவல் ஏற்கெனவே இருக்கிறது. சம்பளப் பட்டியல் நிதித் துறையின் கணினி அமைப்பில் இருக்கிறது. யார் எங்கே அனுப்பப்பட்டார் என்பது பொது நாட்குறிப்பில் நாள்தோறும் எழுதப்படுகிறது. இவ்விரண்டையும் ஒப்பிட்டுத் தொகுப்பதை மாவட்ட அலுவலகத்தின் அமைச்சுப் பணியாளர்களிடம் விடலாம். நிலையத்தின்மேல் புதிய பதிவேட்டைச் சுமத்தக் கூடாது என்று சட்டமே சொல்லிவிடலாம்.

இன்னோர் எதிர்வாதத்தை நான் மற்றவற்றைவிடப் பெரிதாக மதிக்கிறேன். காவலர் எண்ணிக்கை கூடினால் நீதி கூடும் என்று யார் சொன்னது, சித்திரவதைக்கும் பொய் வழக்குக்கும் ஆள் பற்றாக்குறை காரணமா, இந்த அறிக்கை ‘இன்னும் காவலர், இன்னும் நிதி’ என்ற கோரிக்கைக்குத்தானே ஆயுதமாகும் என்று மனித உரிமை இயக்கங்களில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். ஆகலாம். ஆனால் அறிக்கை இருபுறமும் பேசும். ஆயுதப்படையிலும் சிறப்புக் காவல் படையிலும் எத்தனை பேர், மக்கள் புகார் கொடுக்கப் போகும் நிலையத்தில் எத்தனை பேர் என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டால், தேவை புதிய ஆளா, இருக்கும் ஆளின் இடமாற்றமா என்பது வெளிச்சமாகும். மகளிர் காவலர் எத்தனை பேர் புலனாய்வில் இருக்கிறார்கள், எத்தனை பேர் பந்தோபஸ்துக்கு மட்டும் அழைக்கப்படுகிறார்கள் என்பதும் அப்படியே. ஓய்வே இல்லாத ஒருவர் கையில் விசாரணைக் கைதியை ஒப்படைப்பது யாருக்கும் நல்லதல்ல என்பதையும் அந்த இயக்கங்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். களைப்பு வன்முறைக்கு மன்னிப்பாகாது. ஆனால் ‘ஆள் இல்லை’ என்ற சாக்கை அதிகாரிகளிடமிருந்து பறிக்க வேண்டுமானால் ஆள் கணக்கு முதலில் பொதுவெளியில் இருக்க வேண்டும்.

எண்களைத் திரித்துக் காட்டுவார்களே என்ற சந்தேகத்துக்குப் பதில் சட்டத்தின் வாசகத்தில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு 2013-ஆம் ஆண்டின் காவல் (சீர்திருத்தங்கள்) சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும். ஒவ்வொரு நிலையத்துக்கும் நான்கு எண்கள் கேட்க வேண்டும்: அனுமதிக்கப்பட்ட இடம், அந்த நிலையத்தின் பெயரில் சம்பளம் பெறுவோர், அவர்களில் முப்பது நாளுக்கு மேல் வேறிடத்தில் வேலை செய்வோர், வார ஓய்வு எடுக்க முடிந்தவர்கள். மூன்றாவது எண்ணில்தான் ஆர்டர்லியும் அயல்பணியும் பிடிபடும். நான்காவது, எண்ணிக்கை போதுமா என்பதைக் காவலரின் உடம்பிலிருந்தே சொல்லும். சம்பளப் பட்டியலோடு இவற்றைச் சரிபார்க்கும் பொறுப்பைக் கணக்குத் தணிக்கையாளரிடம் கொடுக்கலாம். காவல் நவீனமயமாக்கல் திட்டங்களை அவர் ஏற்கெனவே தணிக்கை செய்துவருகிறார். அறிக்கை மானியக் கோரிக்கை விவாதத்துக்குக் குறைந்தது பதினைந்து நாள் முன்னதாக உறுப்பினர்கள் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் ஏன் வரவில்லை என்பதை டி.ஜி.பி. எழுத்தில் விளக்கி, அந்த விளக்கமும் அவையில் வைக்கப்பட வேண்டும். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் அடுத்த ஆள்சேர்ப்பு அறிவிக்கையில் கேட்கும் எண்ணிக்கை இந்த அறிக்கையின் எந்த வரிசையிலிருந்து வந்தது என்று காட்டவும் அதே பிரிவு கட்டாயப்படுத்தலாம்.